வகுப்பறைக்கு வந்த தோணி

இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியாவைப் பாடநூல் ஒரே பத்தியில் முடித்துவிடுகிறது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. 1943 ஜூலையில் நேதாஜி அங்கு வந்து தலைமையேற்றார். பிழைக்கப் போயிருந்த நம்மவர் என்ன ஆனார்கள்? அதற்கு விடையில்லை. ஆகவேதான் ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யை வரலாற்று வகுப்பிற்கு எடுத்துச் சென்றேன்.

முதலாண்டு நான் செய்தது பிழை. கதைச் சுவையில் மயங்கிப் பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினேன். தேர்வில் ஒரு மாணவர், இந்திய தேசிய இராணுவத்தினர் பட்டியலில் கதைத்தலைவன் பாண்டியனையும் சேர்த்துவிட்டார்! முதலில் சிரித்தேன், பிறகு வெட்கினேன். எது வரலாறு, எது கற்பனை என்று நான் ஒருநாளும் சொல்லவில்லையே.

மறு ஆண்டு, நூலைத் திறக்குமுன் ஆசிரியரைப் பற்றிச் சொன்னேன். 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்த சிங்காரம் 1938-இல் சுமத்ராவின் மேடான் நகருக்கு வேலைக்குச் சென்றவர், 1946-இல் திரும்பியவர். நாவல் வெளிவந்ததோ 1972-இல். கண்டதற்கும் அச்சேறியதற்கும் இடையே கால் நூற்றாண்டு! பின்னர் ஒரு பகுதியைக் கொடுத்துப் பென்சிலால் மூவகைக் குறியிடச் சொன்னேன்: வேறு நூல்களில் சரிபார்க்கக்கூடியவை, அக்காலத்தில் நடந்திருக்கக்கூடியவை, முழுக் கற்பனை. ஜப்பானியர் மேடானுக்குள் நுழைந்தது முதல் வகை, அதில் தகராறில்லை. இரண்டாம் வகையில்தான் சண்டை. கடல் கடந்த இளைஞன் மதுரைத் தெருக்களை எண்ணி ஏங்குவது எதில் சேரும்? மணி அடித்தும் யாரும் எழவில்லை.

மறுநாள் ஒரு மாணவி மூன்று தாள்களைக் கொண்டுவந்தார். ஜப்பானியர் மலேயாவில் வெளியிட்ட, வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டுகள். 1945-இல் ஜப்பான் சரணடைந்ததும் வெறுந்தாளாகிப் போனவை. பினாங்கிலிருந்து திரும்பிய கொள்ளுத்தாத்தாவின் பெட்டியில் கிடந்தனவாம். "விளையாட்டுப் பணம்னு நினைச்சு சின்ன வயசுல கடை வைச்சு விளையாடியிருக்கோம், சார்" என்றார். அந்தப் பெரியவர் அதுபற்றி வீட்டில் வாய் திறந்ததே இல்லையாம்.

நாவலுக்கும் எல்லை உண்டு. அதன் மையம் வட்டிக்கடை அடுத்தாட்களின் உலகம். இரப்பர்த் தோட்டக் கூலிகள் அல்லர். சயாம்–பர்மா இரயில் பாதை வேலையில் மடிந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளரை வேறு நூல்களில்தான் தேடவேண்டும்.

"ஊர்ல காத்திருந்த பொம்பளைங்க கதை எங்க சார்?" என்றும் அம்மாணவியே கேட்டார். வீட்டுப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதிவரச் சொன்னேன். பதினொரு கட்டுரைகள் வந்தன. துறை அலமாரியில் இருக்கின்றன. வேண்டுவோர் வந்து படிக்கலாம்.