வீடு மூத்ததா? மரம் மூத்ததா?

காஞ்சீபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றத்தில் பழைய சமணர் கோயில் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு குரா மரம் நிற்கிறது. அது வளர்வதும் இல்லை, தேய்வதும் இல்லை என்பது நம்பிக்கை.

நம் வீட்டு வாசலில் நிற்கும் வேம்பும் புளியும் அப்படியா? அவை வளரும், வேர் விடும், தண்ணீர் குடிக்கும்!

"வேர் சுவரைப் பிளந்துவிடும். மரத்தை வெட்டு" என்று பலரும் சொல்வார்கள். ஆனால் மரத்தை வெட்டியதால் சுவர் பிளப்பதும் உண்டு. எப்படி?

பருக்கும் மண்

களிமண்ணும் கரிசல் மண்ணும் ஈரம் பட்டால் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கோவில்பட்டிப் பக்கம் போனவர்கள், கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பார்கள்.

பெரிய மரம் அந்த மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. மண் சுருங்கிக் கிடக்கிறது. அதன் மேல் வீடு கட்டுகிறோம். பிறகு மரத்தை வெட்டுகிறோம். தண்ணீரைக் குடிக்க மரம் இல்லை. மழை ஈரம் மண்ணிலேயே தங்குகிறது. மண் பருத்து, அஸ்திவாரத்தை மேலே தள்ளுகிறது!

இது ஒரே நாளில் நடப்பதல்ல. ஆண்டுக்கணக்கிலும் ஆகலாம். கதவு இறுகும். தரை மேடு தட்டும். ஜன்னல் மூலையிலிருந்து சுவர் சாய்வாக வெடிக்கும்.

வீடு மூத்தது, மரம் பிறகு வந்தது என்றால் அபாயம் குறைவு. மண் தன் பழைய நிலைக்குத்தான் திரும்பும். மரம் மூத்ததாக இருந்தால் கோடரியை எடுக்குமுன் யோசிக்க வேண்டும்.

மரத்தை விட்டுவைத்தாலும் கஷ்டம் வரலாம். 1976-ல் இங்கிலாந்தில் கடும் வறட்சி. களிமண் நிலத்தில் இருந்த ஈரத்தை மரங்கள் உறிஞ்சின. ஏராளமான வீடுகளின் அஸ்திவாரம் இறங்கியது.

தறிக்குழி சொல்லும்

உங்கள் வீட்டடியில் என்ன மண்? நெசவாளர் வீடு என்றால், தறிக்குழி தோண்டியபோது என்ன மண் வந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள். மணலும் சரளையும் என்றால் இந்தப் பயம் இல்லை. தெரியாவிட்டால், அஸ்திவார ஆழத்து மண்ணை நனைத்து உருட்டுங்கள். கயிறு போல் மெல்லிதாகத் திரண்டால் களிமண்!

இத்தகைய மண்ணுக்கு, ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் ஒரு வழி சொல்கிறது. அடியில் குமிழ் போல் பருத்த கான்கிரீட் தூணைச் சுமார் 12 அடி ஆழத்தில் ஊன்றுவார்கள். அங்கே ஈரம் அதிகம் மாறுவதில்லை. இது புது வீட்டுக்கு.

பழைய வீட்டில் வெடிப்பு கண்டால் உடனே பூசி மறைக்காதீர்கள். வெடிப்பு முடியும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலம், ஒரு கோடை பாருங்கள். கோட்டைத் தாண்டினால், கொத்தனாரோடு என்ஜினீயரையும் அழையுங்கள்.