தோள்பட்டைக்கு ஆபரேஷன்... சரியான டாக்டரைத் தேடுவது எப்படி?

எலும்பு டாக்டர் எல்லோரும் தோள்பட்டை டாக்டர் கிடையாது. தேடுவதற்கு எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது, யாரிடம் என்ன கேட்க வேண்டும்... ஒரு முழு வழிகாட்டி!

2021 மார்ச் 23. புனேயில் இந்தியா - இங்கிலாந்து ஒருநாள் போட்டி. பந்தைத் தடுக்கப் பாய்ந்த ஸ்ரேயாஸ் ஐயர், இடது தோளைப் பிடித்தபடி மைதானத்தை விட்டு வெளியேறினார். தோள் மூட்டு பாதி விலகியிருந்தது. ஏப்ரல் 8-ம் தேதி அவருக்கு ஆபரேஷன் நடந்தது. அதே ஆண்டு நவம்பரில், கான்பூரில் நியூஸிலாந்துக்கு எதிராக ஆடிய தன் முதல் டெஸ்ட்டிலேயே சதம் அடித்தார்.

அடிபட்ட நாளுக்கும் ஆபரேஷனுக்கும் நடுவில் 16 நாள்கள். கிரிக்கெட் வீரர் என்றால், எந்த டாக்டர், எந்த ஊர், எப்போது என்று முடிவெடுக்க உதவ ஒரு படையே இருக்கும். பைக்கிலிருந்து விழுந்த தம்பிக்கும், பாத்ரூமில் வழுக்கி விழுந்த அம்மாவுக்கும் அப்படி யாரும் இல்லை. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்தான் இருக்கிறது. "எனக்குத் தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் இருக்காரு", "புத்தூர் கட்டு போட்டா சரியாயிடும்", "சென்னைக்கே கூட்டிட்டுப் போயிடுங்க" என்று ஆளுக்கொரு யோசனை வரும். இதில் எதைக் கேட்பது?

முதலில், எது சேதமாகியிருக்கிறது?

உடம்பிலேயே அதிகமாகச் சுழலும் மூட்டு தோள்பட்டைதான். மேற்கை எலும்பின் பந்து போன்ற தலை, ஆழமில்லாத ஒரு சிறிய கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுற்றி நான்கு தசைகளின் நாண்கள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. நம்மூரில் இவற்றையும் சேர்த்து 'ஜவ்வு' என்றே சொல்லிவிடுகிறோம். கிண்ணத்தின் விளிம்பில் ரப்பர் வளையம் போல ஒரு மெல்லிய திசு இருக்கிறது. அக்குள் வழியாகக் கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் ரத்தக்குழாயும் பக்கத்திலேயே ஓடுகின்றன.

'தோள்பட்டை போச்சு' என்ற ஒரே வார்த்தைக்குள் எலும்பு முறிவு, மூட்டு விலகல், ஜவ்வுக் கிழிசல், நரம்பு அறுந்துபோவது என நாலைந்து வேறு வேறு பிரச்னைகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பார்க்க வேண்டிய டாக்டர் வேறு. அதனால், டாக்டரைத் தேடும் முன் நோயின் பெயரைத் தெரிந்துகொள்வது அவசியம்.

எலும்பைப் பார்க்க எக்ஸ்ரே, நொறுங்கியிருந்தால் சி.டி ஸ்கேன், ஜவ்வைப் பார்க்க எம்.ஆர்.ஐ அல்லது அல்ட்ராசவுண்ட். எக்ஸ்ரேயை ஒரே கோணத்தில் எடுத்தால் போதாது. வலிப்பு வந்தாலோ, மின்சாரம் தாக்கினாலோ தோள் பின்பக்கமாக விலகுவது உண்டு. முன்பக்கம் மட்டும் எடுத்த எக்ஸ்ரேயில் இது கண்ணில் படாமல் தப்பிவிடலாம். கையை வெளிப்பக்கம் திருப்பவே முடியாமல் இருந்தும் 'எக்ஸ்ரே நார்மல்' என்று சொன்னால், இன்னொரு கோணத்திலும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தேடுவதற்கு எவ்வளவு நேரம் இருக்கிறது?

இதுதான் பல குடும்பங்கள் கோட்டை விடும் இடம். சிலர் அவசரமே இல்லாத ஆபரேஷனுக்கு அன்று இரவே கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் அவசரமான ஒன்றை ஆறு மாதம் தள்ளிப்போடுகிறார்கள்.

*சில மணி நேரம்:* மூட்டு விலகியிருந்தால், எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தால், கை சில்லென்று வெளுத்துப்போய் மணிக்கட்டில் நாடித்துடிப்பு குறைந்திருந்தால், டாக்டரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து, எலும்பு முறிவு சிகிச்சை உள்ள பக்கத்து மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விலகிய மூட்டை வீட்டில் இழுத்துவிடுவது, உருவிவிடுவது கூடவே கூடாது. எலும்பும் உடைந்திருந்தால், இழுக்கும்போது நரம்பு சேதமாகலாம். இறுக்கமான கட்டு ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிடலாம்.

*சில நாள்கள்:* தோல் கிழியாத எலும்பு முறிவுக்கு, கையைத் தூளியில் தொங்கவிட்டு, வலிக்கு மருந்து எடுத்துக்கொண்டு, சில நாள்கள் விசாரிக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் தள்ளினால் முறிந்த எலும்பு தவறான நிலையில் சேரத் தொடங்கி, ஆபரேஷன் கடினமாகும்.

*சில வாரங்கள்:* விழுந்த அன்றே கை தூக்க முடியாமல் போய், ஸ்கேனில் ஜவ்வு முழுதாக அறுந்திருப்பது தெரிந்தால், சில வாரங்களுக்குள் முடிவெடுப்பது நல்லது. காலம் போகப் போக அறுந்த நாண் உள்ளே சுருங்கும். தசையில் கொழுப்பு படியும். அதன்பின் தைத்தாலும் பழைய பலம் வருவது கடினம்.

*சில மாதங்கள்:* பைக் விபத்தில் கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கற்றை சேதமாகி, கை அப்படியே தொங்கிவிட்டால், நரம்பு ஆபரேஷனைப் பொதுவாக 3 முதல் 6 மாதங்களுக்குள் செய்ய வேண்டும். 'தானா சரியாயிடும்' என்று ஒரு வருடம் காத்திருந்தால், நரம்பு வளர்ந்து வந்தாலும் தசை வேலை செய்யாமல் போகலாம். முதல் மாதத்திலேயே நிபுணரிடம் காட்டிவிட வேண்டும். இதைப் பெரும்பாலும் கை அறுவை சிகிச்சை அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர்களே செய்கிறார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவை சிகிச்சைத் துறை இதில் நாடறிந்த ஒன்று.

எந்த டாக்டரைப் பார்த்தாலும், "நான் எத்தனை நாள் காத்திருக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் தேடலுக்கான காலெண்டர்.

போர்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

எம்.எஸ் ஆர்த்தோ, டி.என்.பி ஆர்த்தோ, டி.ஆர்த்தோ படித்த எல்லோருமே எலும்பு டாக்டர்கள்தான். கை முறிவு, கால் முறிவை எல்லோரும் பார்ப்பார்கள். ஆனால், தோள்பட்டைக்குள் சிறு துளை வழியே கேமரா விட்டு ஜவ்வு தைப்பது தனிப் பயிற்சி. தோள் மூட்டையே மாற்றுவது இன்னொரு தனிப் பயிற்சி.

'மூட்டு மாற்று நிபுணர்' என்ற போர்டு நம் ஊர்களில் நிறைய உண்டு. அதற்குப் பெரும்பாலும் முழங்கால், இடுப்பு என்றே அர்த்தம். வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் முழங்கால் மாற்றும் ஒருவர், தோள் மாற்றுவது விரல்விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கலாம். அவர் திறமையில் குறையில்லை. வேலை வேறு, அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு, ஃபிரான்ஸின் பால் கிராமோன் 1985-ல் உருவாக்கிய 'ரிவர்ஸ்' தோள் மூட்டைச் சொல்லலாம். இதில் பந்து இருந்த இடத்தில் கிண்ணமும், கிண்ணம் இருந்த இடத்தில் பந்தும் பொருத்தப்படும். ஜவ்வு தைக்கவே முடியாத நிலையில் இருப்பவர்களும், தோளின் மேலே இருக்கும் பெரிய தசையைக் கொண்டே கையைத் தூக்க இது உதவுகிறது. இப்படிப்பட்ட ஆபரேஷனில், செய்து பழகிய கை முக்கியம். தோள் மாற்று ஆபரேஷன்களை அதிகம் செய்யும் டாக்டர்களிடமும் மருத்துவமனைகளிலும் சிக்கல்கள் குறைவு என்பதை அமெரிக்காவில் நடந்த ஆய்வுகள் 20 வருடங்களுக்கு முன்பே காட்டிவிட்டன.

'ஆபரேஷன் வேண்டாம்' என்பவரும் நல்ல டாக்டர்தான்

வயதானவர்கள் விழும்போது மேற்கை எலும்பின் தலைப்பகுதி முறிவது மிகவும் சகஜம். பிளேட் வைத்தால்தான் கை விளங்கும் என்று குடும்பம் பயப்படும். பிரிட்டனில் இப்படி எலும்பு முறிந்து விலகிய 250 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்கு ஆபரேஷன், இன்னொரு பிரிவினருக்குத் தூளியும் பிசியோதெரபியும். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது, கையின் செயல்பாட்டில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2015-ல் வெளியான இந்த முடிவு உலகம் முழுக்கப் பேசப்பட்டது. எலும்பு முறிவோடு மூட்டும் விலகியவர்கள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை. அவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிழிசல்' என்ற வார்த்தையைப் பார்த்ததும் கலங்க வேண்டாம். 60 வயதைத் தாண்டிய பலருக்கு வலியே இல்லாமல் ஜவ்வில் கிழிசல் இருக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு வரும் 'ஃப்ரோஸன் ஷோல்டர்' என்ற தோள் இறுக்கம், பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலேயே சரியாகும்.

அதனால், ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து இரண்டு நிமிடத்தில் தேதி குறிக்கும் டாக்டரைவிட, கையைத் தூக்கச் சொல்லி, திருப்பச் சொல்லி, நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்கும் டாக்டரை நம்பலாம். மூட்டை தூக்கும் தொழிலாளிக்கும், வீட்டில் ஓய்வில் இருக்கும் பாட்டிக்கும் ஒரே கிழிசலுக்கு ஒரே சிகிச்சை இல்லை.

எங்கே விசாரிப்பது?

* பிசியோதெரபிஸ்ட்டிடம் கேளுங்கள். யார் செய்த ஆபரேஷனுக்குப் பிறகு கை நன்றாக மேலே போகிறது என்பதை நேரில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.
* அதே ஆபரேஷன் செய்துகொண்டு ஒரு வருடமாவது ஆனவரைத் தேடிப் பேசுங்கள். 'சட்டை போட முடியுதா, தலை சீவ முடியுதா, அந்தப் பக்கம் படுத்துத் தூங்க முடியுதா?' என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.
* டாக்டரின் பதிவை தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.
* ஆன்லைன் ஸ்டார்களை அளவோடு நம்புங்கள். பல விமர்சனங்கள் வரவேற்பறையையும் பார்க்கிங்கையும் பற்றியவை.
* இரண்டாவது கருத்து கேட்பது முதல் டாக்டரை அவமதிப்பது ஆகாது. ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது. ஸ்கேன் ஃபிலிம், சி.டி. எல்லாவற்றையும் எடுத்துப்போங்கள். மொபைலில் எடுத்த போட்டோவை வைத்து யாரும் சரியாகச் சொல்லிவிட முடியாது. உள்நோயாளியாக இருந்திருந்தால், எழுதிக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி.

டாக்டரிடம் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

1. எது சேதமாகியிருக்கிறது? படத்தில் காட்டிச் சொல்ல முடியுமா?
2. ஆபரேஷன் செய்யாவிட்டால் கை எப்படி இருக்கும்?
3. இதே ஆபரேஷனை மாதத்துக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்?
4. ஆபரேஷனை நீங்களே செய்வீர்களா?
5. என்னென்ன சிக்கல் வரலாம்? தொற்று, நரம்பு பாதிப்பு, இறுக்கம், மறுபடி கிழிவது... எனக்கு எது அதிக வாய்ப்பு?
6. எத்தனை வாரம் தூளி, எத்தனை மாதம் பிசியோதெரபி, எப்போது வேலைக்குப் போகலாம்?
7. மொத்தச் செலவு எவ்வளவு? பிளேட், ஸ்க்ரூ, ஆங்கர், செயற்கை மூட்டு எல்லாம் அதில் அடங்குமா?

மூன்றாவது கேள்வியைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும். "டாக்டர், தப்பா நினைக்காதீங்க, பயமா இருக்கு, அதான் கேக்குறேன்" என்று ஆரம்பித்தால் போதும். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். 'இதை நான் அதிகம் செய்வதில்லை, இன்னாரைப் பாருங்கள்' என்று ஒருவர் அனுப்பிவைத்தால், அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

டாக்டரும் உங்களிடம் கேள்வி கேட்க வேண்டும். சர்க்கரை எவ்வளவு, சிகரெட் பழக்கம் உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? சர்க்கரையும் புகையும் காயம் ஆறுவதைக் கெடுக்கும். இவற்றைக் கேட்காமலே தேதி கொடுத்தால், கொஞ்சம் யோசியுங்கள்.

பணம் கட்டும் முன்...

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். நீங்கள் தேர்ந்தெடுத்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா என்பதோடு, உங்கள் ஆபரேஷனும் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று காப்பீட்டு கவுன்டரில் கேட்டு, அனுமதி வந்தபிறகு அட்மிட் ஆவது நல்லது. சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசர சிகிச்சை இலவசம். உயிருக்கும் கைக்கும் ஆபத்து நீங்கியபின், நிதானமாக அடுத்த டாக்டரைத் தேட இந்த நேரம் உதவும்.

தையல் பிரித்தபிறகுதான் பாதி வேலை

ஜவ்வு தைத்தவர்கள் வழக்கமாக 4 முதல் 6 வாரங்கள் தூளியில் கையை வைத்திருக்க வேண்டும். கனமான வேலைக்குத் திரும்ப ஆறு மாதங்கள்வரை ஆகலாம். வலி குறைந்ததும் வாளியைத் தூக்கினால், தைத்தது அறுந்துவிடும். வலிக்கிறதே என்று அசைக்காமலே வைத்திருந்தால், தோள் இறுகிவிடும். எப்போது அசைப்பது, எவ்வளவு அசைப்பது என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரும் பிசியோதெரபிஸ்ட்டும் பேசி வைத்திருக்க வேண்டும்.

இதனால்தான், தூரத்து ஊரின் பிரபல டாக்டர் எல்லோருக்கும் சரிப்பட மாட்டார். வாரத்துக்கு மூன்று நாள் பிசியோவுக்கு யார் கூட்டிப்போவார்கள், பஸ் செலவு எவ்வளவு, அந்த மாதங்களில் வீட்டு வருமானத்துக்கு என்ன வழி? இதையெல்லாம் கணக்குப் போட்ட பிறகே ஊரை முடிவு செய்யுங்கள். ஆபரேஷன் பெரிய ஊரிலும் பிசியோ சொந்த ஊரிலும் என்றால், டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே எந்த வாரம் எந்தப் பயிற்சி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு தாள், மருந்துச் சீட்டைவிட முக்கியம்.