ரோஸ்மேரி கென்னடி: ஒரு குடும்பம் மறைத்த மகள்

படகோட்டம், பந்தாட்டம், பளிச்சென்ற சிரிப்பு என்று பத்திரிகைப் படங்களின் வழியே தன் புகழை வளர்த்துக்கொண்ட அமெரிக்கக் கென்னடி குடும்பத்தில், ஜோசப், ரோஸ் தம்பதியின் ஒன்பது பிள்ளைகளுள் மூத்த மகளான ரோஸ்மேரிக்கு அறிவு வளர்ச்சி குன்றியிருந்தது என்பது வெளியார் காதுக்கு எட்டாதபடி பார்த்துக்கொள்ளப்பட்டது. 1918இல் பிறந்த அவர் எழுதவும் படிக்கவும் திணறினாலும் நடனமும் நல்ல உடைகளும் அவருக்கு மிகவும் பிடித்தவை. தந்தை பிரிட்டனுக்கான தூதராகப் பொறுப்பேற்ற 1938இல், பக்கிங்ஹாம் அரண்மனையில் அரச தம்பதியர் முன் முறைப்படி வணங்கி நின்ற இளம்பெண்களுள் அவரும் ஒருவர்.

இங்கிலாந்தில், பிள்ளைகளை அவரவர் வேகத்தில் கற்கவிடும் மான்டிசோரி முறைப் பள்ளியில் நிம்மதியாக இருந்த ரோஸ்மேரி, போர்க்காலத்தில் நாடு திரும்பிய பின் அடிக்கடி சினங்கொண்டார். வாஷிங்டனில் தங்கியிருந்த மடத்துப் பள்ளியிலிருந்து இரவில் தனியே வெளியேறவும் தொடங்கினார். மகளுக்கு ஏதேனும் நேர்ந்துவிடுமோ என்ற கவலையோடு, அவப்பெயர் வந்தால் மகன்களின் அரசியல் எதிர்காலம் கெட்டுவிடுமே என்ற அச்சமும் தந்தைக்கு இருந்தது.

அவர் தேர்ந்தெடுத்த வழி லோபாட்டமி. மண்டையோட்டில் துளையிட்டு, மூளையின் முன்பகுதியை ஏனைய பகுதிகளோடு இணைக்கும் நரம்பிழைகளைத் துண்டிக்கும் இந்த அறுவை சிகிச்சை, மனநோய்க்குத் தீர்வென்று அக்காலத்தில் விளம்பரம் பெற்றிருந்தது. 1941 நவம்பரில், நரம்பியல் மருத்துவர் வால்டர் ஃப்ரீமன் அருகிலிருக்க, ஜேம்ஸ் வாட்ஸ் கத்தியைச் செலுத்தினார். நினைவோடு படுத்திருந்த 23 வயதுப் பெண்ணிடம் பாடவும் எண்களைச் சொல்லவும் கேட்டுக்கொண்டே வெட்டிச் சென்ற அவர்கள், சொற்கள் குழறத் தொடங்கிய பிறகே நிறுத்தினர். நடையையும் பேச்சையும் இழந்த ரோஸ்மேரி பின்னாளில் அவற்றை ஓரளவே திரும்பப் பெற்றார்.

முதலில் நியூயார்க் மாநிலத்துத் தனியார் மனநல விடுதியிலும், 1949 முதல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஜெஃபர்சன் ஊரில் கன்னியர் நடத்திய புனித கொலெட்டா இல்லத்திலும் அவர் வைக்கப்பட்டார். பெற்ற தாயே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்று பார்க்கவில்லை. விசாரித்தவர்களிடம், அவர் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பித்து வருவதாகச் சொல்லப்பட்டது; பொய்யை இதைவிடக் கண்ணியமாக உடுத்திவிட முடியாது.

அண்ணன் ஜான் குடியரசுத் தலைவரான பின், 1962இல், தங்கை யூனிஸ் ஒரு வார இதழில் அக்காவின் குறைபாட்டை வெளிப்படையாக எழுதினார். எண்ணற்ற பெற்றோருக்குத் துணிவூட்டிய கட்டுரை அது. எனினும் ரோஸ்மேரியின் நிலை மோசமானதால் மருத்துவர் அறிவுரைப்படி இல்லத்தில் சேர்க்கப்பட்டார் என்றதே தவிர, அறுவை சிகிச்சையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பிறவிக் குறையைச் சொல்லத் துணிந்த குடும்பம், தானே இழைத்த கேட்டைச் சொல்லவில்லை. உண்மையில் மறைக்க வேண்டியிருந்தது முன்னதன்று, பின்னதே.

அறிவு வளர்ச்சி குன்றியோருக்காக யூனிஸ் முன்னின்று தொடங்கிய சிறப்பு ஒலிம்பிக் போட்டிகள் 1968இல் சிகாகோவில் முதன்முதலாக நடந்தன. ரோஸ்மேரி 2005 ஜனவரியில் தம் 86ஆம் வயதில் காலமானார். அறுவைக்குப் பின் அவர் வாழ்ந்த 63 ஆண்டுகளும் பிறரின் பராமரிப்பிலேயே கழிந்தன.