அணு உலைகள் ஓய்ந்தன, விளக்குகள் அணையவில்லை!

2023-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி இரவு. ஜெர்மனி நாட்டின் கடைசி மூன்று அணுமின் நிலையங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தப்பட்டன. இஸார், எம்ஸ்லாந்து, நெக்கார்வெஸ்ட்ஹைம் என்பவை அவற்றின் பெயர்கள். மூன்றும் சேர்ந்து சுமார் 4,000 மெகாவாட் மின்சாரம் தந்து வந்தவை. 1961-ல் அந்த நாட்டில் தொடங்கிய அணு மின்சார சகாப்தம் அன்றிரவோடு முடிந்தது.

மறுநாள் காலையில் தொழிற்சாலைகள் நின்றனவா? ரயில்கள் ஓடாமல் போயினவா? இல்லை! எல்லாம் வழக்கம்போல் நடந்தன. அது ஓரிரவில் செய்த வித்தை அல்ல. இருபது ஆண்டுத் தயாரிப்பு!

உத்தரவாத விலை

2000-ல் ஜெர்மானியர்கள் ஒரு சட்டம் கொண்டு வந்தார்கள். காற்றிலிருந்தோ, வெயிலிலிருந்தோ மின்சாரம் எடுத்துக் கொடுப்பவருக்கு 20 ஆண்டுகளுக்கு நிச்சயமான விலை கிடைக்கும் என்றது அச்சட்டம். கேட்க வேண்டுமா? குடியானவர்கள் கொட்டகைக் கூரையில் சூரியத் தகடுகளைப் பதித்தார்கள். வயல் வெளிகளில் காற்றாலைகள் எழுந்தன. 2000-ல் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு 6 பங்குதான் புதுப்பிக்கத்தக்க வழிகளில் கிடைத்தது. 2023-ல் பாதிக்கு மேல்!

இதற்கிடையே அணு உலைகளுக்கு முடிவு கட்ட 2002-ல் தனிச் சட்டம் வந்தது. 2010-ல் அங்கேலா மெர்க்கல் சர்க்கார் உலைகளின் ஆயுளை நீட்டித்தது. மறு ஆண்டே ஜப்பானில் புகுஷிமா விபத்து! உடனே எட்டு உலைகள் மூடப்பட்டன. மற்றவற்றுக்கு 2022 கடைசி வரை தவணை. அந்த ஆண்டு ரஷ்யா உக்ரைன் மீது படையெடுக்கவே, எரிவாயுவுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஆகவே மிச்சமிருந்த மூன்று உலைகளுக்கு மட்டும் மூன்றரை மாதம் கூடுதல் ஆயுள் கிடைத்தது.

முந்தியது எது?

இத்தனைக்கும் ஒரு விலை உண்டு. அணு உலைகளை மூடிய நாடு நிலக்கரி உலைகளை முழுவதும் மூடவில்லை. 2023-ல் கூட மின்சாரத்தில் ஏறத்தாழ கால் பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. நிலக்கரியைக் கைவிடச் சட்டம் வைத்திருக்கும் கடைசிக் கெடு 2038. "புகை கக்குவதை முதலில் மூடியிருக்கலாமே!" என்கிறார்கள் ஒரு சாரார். "விபத்து நேர்ந்தால் ஊரே காலியாகுமே!" என்கிறார்கள் மறு சாரார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

காற்று வடக்கே, ஆலை தெற்கே

இன்னொரு சங்கடம். பலமான காற்று வீசுவது வடகடல் ஓரத்தில். பெரிய தொழிற்சாலைகள் பல இருப்பதோ தெற்கே! இரண்டையும் இணைக்கச் சுமார் 700 கிலோமீட்டர் நீளத்துக்கு மின்பாதை போடத் திட்டமிட்டார்கள். தங்கள் ஊரில் உயர்ந்த கம்பங்கள் கூடாதென்று மக்கள் எதிர்த்ததால், கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்க முடிவாயிற்று. வேலை பல ஆண்டுகள் பின்தங்கிவிட்டது.

காற்றும் வெயிலும் சேர்ந்து கைவிடும் குளிர்கால நாட்களும் உண்டு. 2024 டிசம்பரில் அப்படி நேர்ந்தபோது, சந்தையில் மின்சார விலை விர்ரென்று ஏறியது. அத்தகைய நாட்களில் எரிவாயு நிலையங்களும் அண்டை நாடுகளுமே துணை.

ஆறாத தணல்

உலையை நிறுத்தினாலும் எரிபொருளின் சூடு அடங்குவதில்லை. பல ஆண்டுகள் தண்ணீரில் வைத்துக் குளிரச் செய்யவேண்டும். பிறகும் அதன் கதிர்வீச்சு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீடிக்கும். அதை நிரந்தரமாகப் புதைக்க ஜெர்மனியில் இன்னும் இடம் தீர்மானமாகவில்லை. பொறுக்கி எடுத்து, பிரித்து, சுத்தம் செய்து நிலையத்தைக் கலைக்கவே பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும்.

உலகில் பல நாடுகளின் உலைகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது. அவற்றை மூடுவதற்கு ஓர் இரவு போதும். ஈடு செய்யத்தான் ஒரு தலைமுறை வேண்டும். புதுக் கூரை வேய்ந்த பிறகே பழைய கூரையைப் பிரிக்கவேண்டும். ஜெர்மனி கூரையை வேய்ந்தது. ஆனால் சில மூலைகளில் இன்னும் ஒழுகுகிறது!