நாலு வயல், ஒரு சராசரி: பொறியியல் வகுப்பறையில் ஆர் மொழி

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில், பொறியியல் இரண்டாம் செமஸ்டருக்கு 'புள்ளியியலும் எண்முறைகளும்' என்றொரு தாள் இருக்கிறது. முதல் அலகு கருதுகோள் சோதனை. இரண்டாவது, சோதனைகளை வடிவமைக்கும் முறை. பந்தல்குடி, திருச்சுழிப் பக்கமிருந்து கல்லூரி பஸ் ஏறிப் போகிற பிள்ளைகள் இதை எப்படிப் படிக்கிறார்கள்? சூத்திரத்தை எழுது, எண்ணைப் போடு, அட்டவணையைப் பார், 'கருதுகோள் ஏற்கப்படுகிறது' என்று ஒரு வரி எழுதி அடிக்கோடு இடு. பதினாறு மார்க். எண்கள் எங்கிருந்து வந்தன, யார் அளந்தது, ஏற்பதால் யாருக்கு என்ன ஆகும் என்ற கேள்விகள் விடைத்தாளுக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கென்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. நம் காலத்தில் அதிகாரம் அதிகமாகப் பேசுவது சராசரியின் மொழியில்தான். கதையாடல்களைக் கட்டுடைக்கத் தெரிந்த நமக்கு ஒரு சதவீதத்தைக் கட்டுடைக்கத் தெரியவில்லை. அரசு அறிக்கையில் ஒரு எண்ணைப் பார்த்தால் ஒன்று அப்படியே நம்புகிறோம், இல்லை 'எல்லாம் புள்ளிவிவரப் பொய்' என்று ஒதுக்குகிறோம். இரண்டும் சோம்பேறித்தனமே.

இப்போது பல கல்லூரிகளில் இந்தப் பாடத்தோடு 'ஆர்' என்ற கணினி மொழியையும் கற்றுத்தர ஆரம்பித்திருக்கிறார்கள். மொழி என்றவுடன் நம்மாட்களுக்குக் காது நிமிரும். இதற்கும் ஒரு முன்னோடி உண்டு. 1976 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் மற்றவர்களும் 'எஸ்' என்ற மொழியை உருவாக்கினார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மேன் என்ற இருவர் தங்கள் மாணவர்களுக்குப் பாடம் நடத்த வசதியாக, எஸ் போலவே ஒன்றைச் செய்தார்கள். இருவர் பெயருக்கும் ஆர் தான் முதலெழுத்து, எஸ்ஸுக்கு முந்தைய எழுத்தும் அதுதான். 1995இல் அதை யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்ற உரிமத்தில் வெளியிட்டார்கள். விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள் ஆண்டுக்கொருமுறை லைசென்ஸ் பணம் கேட்கும் உலகத்தில் இது சாதாரண விஷயம் இல்லை. கணக்கு எப்படி நடக்கிறது என்பதைத் திறந்து காட்டுகிற மொழி இது.

ஆனால் இதை வைத்து என்ன கற்பிக்கப்படுகிறது? முன்பு சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள் இப்போது கட்டளையை மனப்பாடம் செய்கிறார்கள். 'டி சோதனை' என்று தட்டினால் திரையில் பி மதிப்பு வருகிறது. அது 0.05க்குக் கீழே என்றால் ஒரு பதில், மேலே என்றால் இன்னொரு பதில். சடங்கு மாறவில்லை, பூசாரி மட்டும் மாறியிருக்கிறார்.

மொழி கற்றுத்தரக்கூடியது வேறு. அதைப் பார்க்க நம் கரிசலுக்கே போகலாம்.

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016இல் வந்தது. மானாவாரியில் உளுந்து, மக்காச்சோளம், பருத்தி போட்டு மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற சம்சாரிகள் பிரீமியம் கட்டுகிறார்கள். மகசூல் இழப்பு தனி ஆளுக்குக் கணக்கிடப்படுவதில்லை. உன் புஞ்சை முழுக்கக் கருகினாலும், உன் கிராமத்தின் சராசரி மகசூல் 'உத்தரவாத மகசூலை'விடக் குறைந்திருந்தால்தான் பணம். உத்தரவாத மகசூல் என்பது கடந்த ஏழு வருடங்களில் சிறந்த ஐந்தின் சராசரியில் ஒரு குறிப்பிட்ட பங்கு. இந்த வருடச் சராசரியை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பயிர் அறுவடைப் பரிசோதனை. சமவாய்ப்பில், அதாவது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி, வயல்களைத் தேர்ந்து, அதற்குள்ளும் அப்படியே ஒரு சிறிய சதுரத்தைக் குறித்து, அறுத்து, காயவைத்து, எடைபோடுவது. திட்ட விதிகளின்படி, முக்கியப் பயிருக்குக் கிராம அளவில் குறைந்தது 4 பரிசோதனை. பிர்கா அளவில் என்றால் 10. வட்டார அளவில் 16.

நாலு. இந்த நாலைத்தான் வகுப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, நாலு வயலில் ஏக்கருக்கு 620, 580, 240, 560 கிலோ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். சராசரி 500. உத்தரவாத மகசூலும் 500 என்றால் இழப்பு பூஜ்யம், கதை முடிந்தது. அந்த 240 கிலோக்காரர் சராசரிக்குள் கரைந்துபோனார். இதே நாலு எண்களை ஆரிடம் கொடுத்து டி சோதனை செய்யச் சொன்னால், சராசரி 500 என்று சொல்வதோடு நிற்காது. 95 சத நம்பக எல்லை 221 முதல் 779 வரை என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லும். இப்படி மறுபடி மறுபடி நாலு வயல் அறுத்து எல்லை போட்டுக்கொண்டே போனால், நூற்றில் 95 தடவை உண்மையான சராசரி அந்தந்த எல்லைக்குள் அகப்படும் என்பது அதன் அர்த்தம். அதாவது, நாலு வயலைப் பார்த்த ஒருவருக்கு இந்தக் கிராமம் செத்ததா பிழைத்ததா என்று சொல்ல வக்கில்லை. இதை மொழி மறைக்கவில்லை, அலுவலகக் காகிதம்தான் அந்த வரியை வெட்டிவிட்டு 500ஐ மட்டும் வைத்துக்கொள்கிறது.

இந்த டி சோதனையே சிறிய மாதிரிகளின் கஷ்டத்திலிருந்து பிறந்தது. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் காசெட், 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரை அது. வகுப்பில் படம் போட்டு மனப்பாடம் செய்கிற லத்தீன் சதுரத்தைச் சோதனை முறையாக்கியவர் ரொனால்ட் ஃபிஷர். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற வேளாண் பண்ணையில் உட்கார்ந்து செய்தது. சம்சாரி வீட்டுப் பிள்ளை, வயலில் பிறந்த கணக்கை, வயல் என்ற சொல்லே வராமல் படித்துவிட்டு வருகிறது. நம் நாட்டிலும் 1940களில் மகலனோபிஸும் சுகாத்மேயும் அறுப்புச் சதுரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று சண்டையே போட்டார்கள். சதுரம் சின்னதானால் ஓரத்துச் செடிகளையும் சேர்த்து அறுத்து மகசூலை அதிகமாகக் காட்டிவிடும் என்பது சுகாத்மேயின் வாதம். சம்சாரிக்கு இது என்ன அர்த்தம் என்று விளக்கவே வேண்டாம்.

(புள்ளியியலின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கால்டன், பியர்சன், ஃபிஷர் மூவரும் இனமேம்பாட்டுவாதத்தை ஆதரித்தவர்கள். கால்டன், பியர்சன் பெயர்களை லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி 2020இல் தன் கட்டடங்களிலிருந்து எடுத்தது. கைரேகையைப் பற்றி 1892இல் புத்தகம் போட்ட அதே கால்டன்தான். அந்த ரேகை, மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் குற்றப்பரம்பரைச் சட்டமாக வந்தது. 'ரேகைச் சட்டம்' என்று கிழவர்கள் சொல்வார்கள். எண்ணும் மையும் இந்த மண்ணுக்கு அப்பாவியாக வந்துசேரவில்லை.)

இனி, ஆர் உண்மையில் பலம் காட்டும் இடம். கிராமத்தின் உண்மையான சராசரி 450 கிலோ, உத்தரவாதம் 500, வயலுக்கு வயல் உள்ள ஏற்றத்தாழ்வு, அதாவது திட்ட விலக்கம், 200 என்று கற்பனை செய்வோம். பத்து சத இழப்பு நிச்சயமாக இருக்கிறது. இப்போது கணினியிடம், இந்தக் கிராமத்தில் நாலு வயலைக் குலுக்கி எடு, சராசரி பார், 500ஐத் தாண்டுகிறதா என்று குறித்துக்கொள், இதைப் பத்தாயிரம் தடவை செய் என்று சொல்ல வேண்டும். ஏழெட்டு வரி நிரல். முதல் வருட மாணவி எழுதிவிடுவாள். (மகசூல் மைனஸில் போகாது, ஆகவே நுணுக்கமாகச் செய்ய வேறு பரவல் எடுக்க வேண்டும். முதல் பாடத்துக்கு இது போதும்.) விடை: நூற்றுக்கு 31 தடவை 'இழப்பே இல்லை' என்று வரும். பத்து வயல் எடுத்தால் 21. பதினாறு எடுத்தால் 16.

காகிதத்தில் சூத்திரம் போட்டும் இதைக் கண்டுபிடிக்கலாம்தான். ஆனால் பத்தாயிரம் தடவை கிராமம் அறுக்கப்படுவதைத் திரையில் பார்ப்பது வேறு அனுபவம்.

கம்பெனி தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. இதே நிரலில் கணக்குப் பார்த்தால், ஒரு ஏக்கருக்குக் கொடுக்க வேண்டிய 50 கிலோ இழப்புக்குப் பதிலாக, சராசரியாகச் சுமார் 70 கிலோவுக்குப் பணம் போகிறது. அளவை தாறுமாறாக இருப்பதால் சில கிராமங்களுக்கு ஜாஸ்தியாகவே கிடைத்துவிடுகிறது. கம்பெனி ஏமாற்றுகிறது என்று கோஷம் போட்டு முடித்துவிட முடியாது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கம்பெனியிடம் ஆயிரக்கணக்கில் கிராமங்கள் இருக்கின்றன. இங்கே கூடினது அங்கே குறைந்து, அது எதிர்பார்த்ததற்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பெரும் எண்களின் விதி என்று பாடத்தில் வருவது இதுதான். கிராமத்துக்கோ வருடத்துக்கு ஒரே குலுக்கல். அதற்குப் பெரும் எண்களின் விதி எட்டாது. ஒரே கணக்கில் ஒரு தரப்புக்குச் சராசரியும் மற்றத் தரப்புக்குத் தலையெழுத்தும் கிடைக்கின்றன.

சிவில் மாணவர்களுக்கு இதை ஒப்பிட்டுக் காட்டலாம். எம் 25 கான்கிரீட் என்றால் என்ன? சோதனைக் கட்டிகளில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் பலத்துக்குக் கீழே விழக்கூடாது என்பது இந்தியத் தர விதி. திட்ட விலக்கம் 4 என்றால், கலவையை 25க்குத் தயாரிக்கக்கூடாது, அதோடு 1.65 மடங்கு விலக்கத்தைக் கூட்டி 31.6க்குத் தயாரிக்க வேண்டும். எத்தனை தோல்வியைப் பொறுத்துக்கொள்வோம் என்று அங்கே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டடத்துக்கு ஐந்து. புஞ்சைக்கு எத்தனை என்று யாரும் எழுதவில்லை.

அடுத்தது இன்மைக் கருதுகோள். 'வித்தியாசம் இல்லை', 'பாதிப்பு இல்லை' என்று முதலில் வைத்துக்கொண்டு, அதை உடைக்கச் சான்று கேட்பது. உடைக்க முடியாவிட்டால் 'ஏற்கப்படுகிறது' என்று எழுதச் சொல்கிறார்கள். தப்பு. 'மறுக்கப்படவில்லை' என்பதுதான் சரி. தமிழ் படித்தவர்களுக்கு இந்த வினைச்சொல் வித்தியாசம் உறைக்கும். பாதிப்பு இருப்பதாக நிரூபணமாகவில்லை என்பதும் பாதிப்பு இல்லை என்பதும் ஒன்றா? சிமெண்ட் தூசியா, சாயத் தண்ணியா, எதுவானாலும் 'பாதிப்பு இல்லை' என்பதை ஆரம்பமாக வைத்தால் நிரூபிக்கும் பாரம் ஊர்க்காரர் தலையில். நாலு மாதிரி மட்டும் எடுத்தால் அந்தப் பாரத்தை யாராலும் தூக்கவும் முடியாது. எதை இன்மைக் கருதுகோளாக வைப்பது என்று ஆர் கேட்காது, வைத்ததைக் கணக்குப் போட்டுத் தரும். அந்த முடிவு எடுக்கிற இடத்தில் ஆசிரியர் ஒரு பீரியட் நின்றால் போதும்.

தடை ஒன்று இருக்கிறது, தரவு. சம்சாரி கைக்குப் பெரும்பாலும் வந்து சேருவது 'உங்கள் கிராமத்துக்கு இத்தனை சதம்' என்ற ஒற்றை எண். ஒற்றை எண்ணிலிருந்து விலக்கம் கணக்கிட முடியாது. நாலு வயலின் எடையும் தனித்தனியாக வேண்டும். 2005இன் தகவல் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதி அதைக் கேட்கலாம். மனுவில் சராசரியைக் கேட்காமல், ஒவ்வொரு பரிசோதனைச் சதுரத்தின் எடை, அறுத்த தேதி, சர்வே எண் என்று பிரித்துக் கேட்க வேண்டும். சர்வே எண் இருந்தால் அந்த வயல் கிணற்றுப் பாசனமா மானாவாரியா, தார்ச் சாலையை ஒட்டியதா உள்ளே தள்ளியதா என்று ஊர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள். அதை ஆரில் இன்னொரு பத்தியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.