இரண்டாம் இரவுக்கும் அறை வேண்டும்

இலங்கையின் சிவனொளிபாதமலைக்குப் போக முடிவெடுத்த திருவையாற்றுக் குடும்பம் ஒன்று முதலில் விசாரிப்பது அறை வாடகையைத்தான். வாடகை, வெந்நீர், சாப்பாடு எல்லாம் கேட்டாக வேண்டியவையே. ஆனால் இந்த மலையைப் பொறுத்தவரை அவற்றுக்கு முன்னால் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு உண்டு: எந்த ஊரில் தங்குவது, எத்தனை இரவு தங்குவது. மலையடிவாரமான நல்லதண்ணியில், இரண்டு இரவு என்பது என் பதில். அந்த இரண்டில் ஏறுவதற்கு முந்தைய இரவைவிட, இறங்கி வந்த பிறகு வரும் இரவுதான் முக்கியம் என்றும் சொல்வேன்.

மலையின் உயரம் 2,243 மீட்டர். உச்சிப் பாறையில் இருக்கும் பாதச்சுவட்டைப் பௌத்தர்கள் புத்தருடையது என்றும், சைவர்கள் சிவனுடையது என்றும், இஸ்லாமியர்கள் ஆதம் நபியுடையது என்றும் போற்றுகிறார்கள். கோயில் நிர்வாகம் பௌத்த பிக்குகளிடம் இருக்கிறது. யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடியும். அந்த மாதங்களில் இரவு முழுக்கப் பாதையில் விளக்கெரியும், வழியெல்லாம் தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழையும் இருட்டும் அட்டையும்தான். இரத்தினபுரி பக்கமிருந்தும் ஏறலாம், ஆனால் அது நீண்ட பாதை. ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வந்து ஏறுவதே புதியவர்களுக்கு ஏற்றது.

நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏற வேண்டிய உயரம் சுமார் ஆயிரம் மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தைப் பதினைந்து முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வருகிற உயரம். வயல்வரப்பிலும் ஆற்றங்கரையிலும் நடந்து பழகிய நம் டெல்டாக் கால்களுக்கு இது புதிது. சூரியோதயம் பார்க்க வேண்டுமானால் அதிகாலை இரண்டு மணிக்குக் கிளம்பியாக வேண்டும். ஏற மூன்று நான்கு மணி நேரம் ஆகும். உச்சியில் தரிசனம், உதயம், மேற்குப் பக்கம் மூடுபனியின்மேல் விழும் மலையின் முக்கோண நிழல் எல்லாம் பார்த்துவிட்டு இறங்கினால் அடிவாரம் வந்துசேரப் பத்து, பதினொரு மணி. விடுதிகள் பலவற்றில் அறையைக் காலி செய்யச் சொல்லும் நேரமும் அதுதான். ஓர் இரவுக்கு மட்டும் பணம் கட்டியவர், நாலைந்து மணி நேரம் தூங்கியதற்கு முழு வாடகையும் கொடுத்துவிட்டு, வியர்வை காயாத உடம்போடு பெட்டியைக் கட்ட வேண்டிவரும்.

ஏறுவதுதான் கஷ்டம், இறங்குவது சுலபம் என்று நினைப்பவர்கள் அதிகம். மூச்சைப் பொறுத்தவரை அது சரி. தொடைத் தசைக்குக் கதை வேறு. ஒவ்வொரு படியிலும் உடலின் எடை கீழே விழுந்துவிடாமல் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே அதைத் தாங்கிப் பிடிக்கிறது. இப்படி நீளும்போது சுமை தாங்கும் தசையில் நுண்ணிய சேதம் ஏற்படும். அதன் வலி உடனே உச்சத்துக்கு வராது. ஒன்றிரண்டு நாள் கழித்தே வரும். ஆனாலும் இறங்கிய அன்றே, தளர்ந்த கால்களோடு பகலெல்லாம் வண்டியில் கால்மடக்கி உட்கார்ந்து கொழும்புக்குப் போவது அறுபது வயதுக்காரருக்கு வதை.

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நல்லதண்ணியைவிட நல்ல ஹோட்டல் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை. அங்கே தங்கினால் நள்ளிரவிலேயே எழுந்து வண்டி பிடிக்க வேண்டும். பயந்து சீக்கிரம் கிளம்பினால் உச்சிக்கும் சீக்கிரமே போய், கொட்டும் பனிக்காற்றில் மணிக்கணக்காக நடுங்கிக் காத்திருக்க நேரும். அடிவாரத்தில் தங்கியவர் தன் நடைவேகத்துக்கு ஏற்ப நேரத்தைத் தள்ளிவைத்துக்கொள்ளலாம். மழை பிடித்துக்கொண்டால் அன்று படுத்துவிட்டு மறுநாள் ஏறலாம். இரண்டு இரவு கையில் இருப்பதன் இன்னொரு லாபம் இது.

கடவுளைப் பார்க்கப் போகிறவனுக்கு அறை எதற்கு, பஸ்ஸைவிட்டு இறங்கி நேரே ஏறி இறங்கித் திரும்புவதுதானே யாத்திரை என்ற கேள்வி இதைவிடக் கனமானது. சிங்கள யாத்ரீகர்கள் பலர் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். அவர்கள் பக்தியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தங்குமிடம் யாத்திரைக்குப் புறம்பானது என்பதை வரலாறு ஒப்பவில்லை. பொலன்னறுவையிலிருந்து சோழர்களை விரட்டிய அதே மன்னன் முதலாம் விஜயபாகு, 11ஆம் நூற்றாண்டில் இந்த மலைக்கு வருவோரின் அன்னதானத்துக்காகக் கிலிமலை கிராமத்தை எழுதிவைத்தான். 1344இல் வந்த பயணி இப்னு பதூதா, உச்சிக்குக் கீழேயுள்ள குகையில் மூன்று நாள் தங்கிக் காலையும் மாலையும் பாதத்தைத் தரிசிப்பதே வழக்கம் என்று எழுதி, தானும் அப்படியே செய்ததாகச் சொல்கிறார். நம் பக்கத்திலும் தஞ்சை மராட்டிய மன்னர்கள் இராமேசுவரப் பாதை நெடுகச் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முக்தாம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. நடந்து வந்தவன் படுக்க ஓர் இடம் கொடுப்பது தர்மம் என்றால், நடந்துவிட்டுப் படுப்பது எப்படிச் சுகபோகமாகும்?

பௌர்ணமியிலும் சனி, ஞாயிறுகளிலும் நல்லதண்ணி கூட்டத்தைத் தாங்காது. படிகளில் வரிசை நகராமல் நின்று, உதயத்துக்குள் உச்சியை எட்ட முடியாமல் போவதும் உண்டு. வாரநாளாகப் பார்த்துக்கொண்டால் அறையும் எளிதாகக் கிடைக்கும். ஹட்டன், மஸ்கெலியா தேயிலைத் தோட்டங்களில் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வம்சத்தினர் வாழ்கிறார்கள், ஆகவே அறை விசாரிக்கத் தமிழ் போதும். ஏறும் பாதைக்கு எத்தனை நிமிட நடை, அதிகாலை இரண்டு மணிக்குக் கதவைத் திறந்துவிட ஆள் இருக்குமா, திரும்பி வரும்போது வெந்நீர் வருமா, நனைந்த துணியைக் காயப்போட இடம் உண்டா என்று வெளிப்படையாகக் கேளுங்கள். சன்னலோரக் காட்சிக்காக மேல்மாடி அறையைத் தருவதாகச் சொன்னாலும் தரைத்தளத்தையே கேட்டு வாங்குங்கள். இறங்கி வந்த அன்று இன்னும் பதினைந்து படி ஏறக் கால் ஒத்துழைக்காது.