கிளி போய் சீட்டு மிஞ்சியது

மழை பிடித்துவிட்டால் மரக்காணத்து உப்பளத்தில் வேலை கிடையாது. பாத்தியெல்லாம் வெள்ளம், முன்பணம் வாங்கியதுதான் சாப்பாட்டுக்கு. அந்த மாதங்களில் கிளிக்கூண்டோடு ஜோசியர் ஒருவர் வந்து மரத்தடியில் சாக்கு விரித்து உட்காருவார். "மீனாட்சி, வெளிய வாம்மா. அக்கா பேருக்கு நல்ல சீட்டா ஒண்ணு எடும்மா!" கிளி தத்தித் தத்தி வரும். அலகால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒன்றை மட்டும் நீட்டும். ஒரு நெல்மணி கூலி, மறுபடி கூண்டு. சீட்டில் முருகன் வரலாம், மாரியம்மன் வரலாம், வேளாங்கண்ணி மாதாவும் வரலாம். படம் என்னவோ ஊமைதான். கேட்க வந்தவளின் முகத்தைப் பார்த்துப் பேசியது அவர்தான்.

இன்று குறி கேட்க ஊரில் பெண்பிள்ளைகள் சொல்லும் பெயர் டாரட். அதன் பிறப்பு ஜோசியமே இல்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்கள் ஆடிய சீட்டாட்டம் அது, 78 சீட்டு. 1781இல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர், இது எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று ஆதாரமில்லாமல் எழுதிவைத்தார். அதற்குப் பிறகுதான் குறி சொல்வது சூடுபிடித்தது. இப்போது எங்கும் பார்க்கும் படங்கள் 1909இல் லண்டனில் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. பிரான்சில் இன்னும் டாரட்டைச் சீட்டாட்டமாகவே ஆடுகிறார்கள்.

நம்மூர்ச் சீட்டுக்கு நேர்ந்தது வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது குற்றம். சட்டம் பாட்டுக்குச் சட்டம், கிளி பாட்டுக்குக் கிளி என்றுதான் வெகுகாலம் ஓடியது. 2024 தேர்தலில் கடலூர் வேட்பாளர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று ஒரு கிளி சீட்டெடுத்தது. வீடியோ பரவியதும் வனத்துறை வந்து கிளிகளைக் கொண்டுபோனது. வேட்பாளரும் தோற்றார். இறகு வெட்டிய பறவைக்காக எனக்குச் சந்தோஷம்தான். பிழைப்புப் போனவரை நினைத்தால் அவ்வளவு சந்தோஷமில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு திண்ணையில் போனும் கையுமாக ஒரு பெண்ணைப் பார்த்தேன். யூடியூபில் மூன்று டாரட் சீட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். "மனசுக்குப் பட்டதைத் தேர்ந்தெடுங்க," என்றது குரல். பெண் நடுச்சீட்டை நினைத்துக்கொண்டாள். அந்தக் குரலுக்கு இவள் முகம் தெரியாது. பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த பெரியம்மா எட்டிப் பார்த்தாள்.

"கிளிக்கு நெல்லு போட்டாங்க. இதுக்கு என்னாடி தீனி?"

"டேட்டா, பெரியம்மா."